மாப்பிள்ளை முகம் வாடக்கூடாது

நம் கல்யாண வீடுகளில் ஓர் ஆள் கட்டாயம் இருப்பார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவருக்கு வேலை. காப்பியில் சீனி குறைந்ததா, மோதிரம் தளர்ந்ததா, மாலை சின்னதாகப் போயிற்றா? “மாப்பிள்ளை முகம் சரியில்லையே” என்று பெண் வீட்டார் காதில் அவர் ஒரு வார்த்தை போட்டால் போதும், சமையற்கட்டிலிருந்து மணவறை வரைக்கும் ஓட்டமும் நடையும்தான். பெண்ணின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அதுதான் குனிந்து இருக்கிறதே.

பத்திரிகைகளின் வணிகப் பக்கம் எழுதுகிறவர்களுக்கு இதே உத்தியோகம். “சந்தை கலக்கமடைந்தது.” “முதலீட்டாளர்கள் பொறுத்திருந்து பார்க்கிறார்கள்.” “சந்தை உணர்வு மேம்பட்டது.” எங்கே குண்டு விழுந்தாலும், எந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்தாலும் முதலில் விசாரிக்கப்படுவது சந்தையின் உடல்நலம். 2022 பெப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. செத்தவர்களை யாரும் எண்ணத் தொடங்கவில்லை. அதற்குள் மசகு எண்ணெய் பீப்பாய் 100 டொலரைத் தாண்டிய கணக்கு உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் கொழும்புக்கு வெளியே ஒரு மண்ணெண்ணெய்க் கியூவில் நின்றேன். நின்றேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. நின்றவை கேன்கள். மஞ்சள், வெள்ளை, நீலக் கேன்கள் ஒரே கயிற்றில் கோக்கப்பட்டு வெயிலில் வரிசையாக இருந்தன. அவற்றின் உரிமையாளர்கள் மதில் நிழலில் குந்தியிருந்தோம். பக்கத்தில் இருந்தவரின் கைபேசியில் செய்தி ஓடியது: அரசியல் ஸ்திரம் ஏற்பட்டால் முதலீட்டாளர் நம்பிக்கை திரும்பும் என்று ஒரு நிபுணர். இரண்டாம் நாளாக வந்திருந்த ஓர் அம்மா கேட்டார்: “யாருக்கு தம்பி நம்பிக்கை வரணுமாம்?”

“முதலீட்டாளருக்கு அம்மா.”

“ஐயோ பாவம். அவங்களுக்கும் எண்ணெய் கிடைக்கலியா?”

நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்த அம்மாவுக்கான பதில்.

மாப்பிள்ளையின் குணத்தை நான் அறிந்தது 2009இல். அந்த ஆண்டு கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 125 சதவீதம் ஏறியது. உலகிலேயே அதிவேகமாக ஏறிய சந்தைகளில் ஒன்று என்று மார்தட்டினார்கள். அந்த ஆண்டு வன்னியில் நடந்ததைத் தமிழில் படிக்கிறவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போரின் இறுதிக் கட்டத்தில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் எழுதி வைத்தது. தப்பி வந்தவர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் முகாம்களில், முட்கம்பிக்குள். கொழும்பில் மேளம் உச்சத்தில்.

அந்த ஏற்றத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘சமாதானப் பங்கிலாபம்’. சொல்லைச் சற்று வாயில் போட்டுப் பாருங்கள். பங்கு வைத்திருப்பவருக்குக் கிடைப்பதுதானே பங்கிலாபம்? மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்கு வெளியே தண்ணீர் வாளியோடு நின்றவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் காசோலை வந்தது?

பங்கு வாங்கியவர் எல்லாம் கொடியவர் என்று நான் சொல்லவில்லை. போர் முடிந்தால் வட்டி இறங்கும், உல்லாசப் பயணிகள் வருவார்கள், ஹோட்டல் அறைகள் நிரம்பும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு மிகச் சரி. என்னை நடுங்க வைப்பது அந்தச் சரிதான். அந்த ஏட்டில் வட்டிக்கு ஒரு நிரல் இருந்தது, ஹோட்டல் அறைக்கு ஒரு நிரல் இருந்தது, பிணத்துக்கு நிரல் இல்லை.

அன்றைக்கே ‘ஸ்திரம்’ என்ற சொல்லின் பொருள் எனக்கு விளங்கிவிட்டது. வீடு அமைதியாக இருந்தால் மாப்பிள்ளைக்குப் போதும். எல்லாரும் உறங்குவதால் அமைதியா, எல்லாரும் செத்ததால் அமைதியா என்று அவர் கதவைத் திறந்து பார்ப்பதில்லை.

அடுத்த காட்சி 2021. உல்லாசப் பயணத் துறை கொரோனாவில் படுத்துவிட்டது. இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்த புண்ணியத்தில் வயலும் மஞ்சளாகி நின்றது. டொலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு சுட்டெண் எவ்வளவு விழுந்திருக்கும்? விழவில்லை. ஏறத்தாழ 80 சதவீதம் ஏறியது. மத்திய வங்கி நாணயத்தாளை அச்சிட்டுத் தள்ளியது, வட்டி அடிமட்டத்தில் கிடந்தது, வாகன இறக்குமதிக்குத் தடை. போக்கிடம் இல்லாத காசு ஒரு சில கம்பனிகளின் பங்குகளில் போய் விழுந்தது. வீட்டின் கூரை எரிந்தது. குளிருக்கு இதமாக இருக்கிறது என்றார் மாப்பிள்ளை.

2022 ஜனவரியில் சுட்டெண் 13,000 புள்ளிகளைத் தாண்டியது. அதே மாதம் 18ஆம் திகதி, முதிர்வடைந்த சர்வதேசப் பிணைமுறி ஒன்றுக்காக 50 கோடி டொலரை அரசு சதம் குறையாமல் கட்டியது. கட்டாதீர்கள், அந்தக் காசு மருந்துக்கும் எரிபொருளுக்கும் வேண்டும் என்று பொருளாதாரம் தெரிந்த பலர் கத்தினார்கள். கேட்பாரா? பெயர் கெட்டுவிடுமாம். நாடு ஒருபோதும் கடனில் தவறியதில்லை என்ற பெருமை போய்விடுமாம். அடகு வைத்த நகைக்கு வட்டி கட்டிவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து வாங்கக் கடன் கேட்டுத் தெருவில் நிற்கும் கௌரவம் அது. இரண்டு மாதம் கழித்து, மார்ச்சில், எரிபொருள் வரிசையில் நின்ற இரண்டு முதியவர்கள் விழுந்து செத்தார்கள். கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின.

அந்தப் பெருமையின் ஆயுள் ஏப்ரல் 12 வரைக்கும்தான். அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியதாக அரசு அறிவித்தது.

அப்போது பங்குச் சந்தைக்குச் செய்யப்பட்ட உபசாரத்தைக் கேளுங்கள். புத்தாண்டு விடுமுறை முடிந்து திறக்க வேண்டிய சந்தையை ஏப்ரல் 18 முதல் ஐந்து நாள் மூடி வைத்தார்கள். முதலீட்டாளர்கள் நிதானமாக யோசிக்க அவகாசம் வேண்டுமாம். 25ஆம் திகதி திறந்தார்கள். திறந்தவுடனே சுட்டெண் சரிந்தது. விதிப்படி அரை மணி நேரம் நிறுத்தினார்கள். மறுபடி சரிந்தது, அன்றைய நாளுக்கே மூடிவிட்டார்கள். முன்னணிப் பங்குகளின் சுட்டெண் இத்தனை சதவீதம் விழுந்தால் வியாபாரம் தானாக நிற்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பதறிய மனிதர் மூச்சு விட்டுக்கொள்வதற்காக அந்த விதி. நல்ல விதி. மனிதாபிமானம் மிக்க விதி.

பருப்பு விலை ஏறினால் அரை மணி நேரம் நிற்கும் விதி எங்காவது உண்டா? அரிசி 10 சதவீதம் கூடினால் கடையைப் பூட்டி, அம்மா, போய் நிதானமாக யோசித்துவிட்டு வாருங்கள், அதுவரை பழைய விலைதான் என்று சொன்னவர் உண்டா? 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டு நின்றது. உணவுப் பொருளுக்கு மட்டும் பார்த்தால் 95 சதவீதத்தை ஒட்டி. அந்தச் சுட்டெண்ணுக்கு ஒரு நிமிடம்கூட யாரும் இடைவேளை விடவில்லை.

கட்டத் தவறிய வட்டிக்கு இருந்த முப்பது நாள் தவணையும் ஒரு நாள் முடிந்தது. நாடு முறைப்படி வங்குரோத்து ஆன அந்த நாள் எது தெரியுமா? மே 18. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பாற்சோறு பொங்கி, பட்டாசு கொளுத்திக் கொண்டாடிய வெற்றியின் அதே திகதி. காலத்துக்கு இருக்கும் அங்கத உணர்ச்சியில் கால்வாசி எனக்கு இருந்தால் இந்தக் கட்டுரையை இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

கொழும்புப் பங்குச் சந்தை கோட்டைப் பகுதியில் உலக வர்த்தக மையத்தின் மேற்குக் கோபுரத்தில் இருக்கிறது. அங்கிருந்து காலிமுகத்திடல் கூப்பிடு தூரம். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை திடலில் கூடாரம் போட்டிருந்த பிள்ளைகள், திருடிய காசைத் திருப்பிக் கொடு என்று கத்தினார்கள். கோபுரத்திலிருந்து பார்த்தால் அதன் பெயர் ‘அரசியல் நிச்சயமின்மை’. ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மாலைதீவுக்குப் பறந்தார். ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாகப் பதவியேற்ற மறுநாள் விடியுமுன் இராணுவம் திடலுக்குள் இறங்கிக் கூடாரங்களைப் பிய்த்துப் போட்டது, பிள்ளைகளை அடித்தது. அதன் பெயர் ‘ஸ்திரத்தன்மையை நோக்கிய முதல் அடி’. அடி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் இருப்பது எவ்வளவு வசதி!

மாப்பிள்ளைக்கு ஆகாத பண்டம் தேர்தல். யார் வருவார் என்று முன்கூட்டியே தெரியாத எதுவும் அவருக்கு வயிற்றைப் புரட்டும். 2023 மார்ச் 9 அன்று நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். காரணம்? திறைசேரியில் காசு இல்லையாம். வாக்குச்சீட்டு அச்சிடக் காசில்லாத நாடு! அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று அடுத்த ஆண்டு ஓகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் நடந்தது 2025 மே மாதம். கூட்டத்தில் பேச வாயைத் திறந்த பெண்ணைப் பார்த்து, “இரு, மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு முடிக்கட்டும்” என்று இரண்டு வருடம் உட்கார வைத்த கதை.

இனித்தான் ஒரு பாட்டியின் தோட்டுக்கு வருகிறேன்.

கல்யாணச் செலவுக்கு எல்லாவற்றையும் விற்றான பிறகு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவியின் காது கண்ணில் படும். எங்கள் நாட்டில் அந்தக் காதுக்குப் பெயர் ஊழியர் சேமலாப நிதியம். தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளியிடமிருந்து 12 சதவீதம் மாதா மாதம் பிடித்துச் சேர்க்கும் காசு. காவலர் மத்திய வங்கி. அந்தக் காசில் பெரும்பகுதியை அரசாங்கத்தின் திறைசேரி முறிகளில் போட்டதும் அதே காவலர்.

2023 ஜூன் கடைசியில், ஹஜ்ஜுப் பெருநாளையும் போயா தினத்தையும் இணைத்து நடுவில் ஒரு விசேட வங்கி விடுமுறையைச் செருகி, ஐந்து நாள் வங்கிகளைப் பூட்டினார்கள். அந்த இடைவெளியில், ஜூலை 1, ஒரு சனிக்கிழமை, உள்நாட்டுக் கடன் திட்டத்தைப் பாராளுமன்றம் 122க்கு 62 என்று நிறைவேற்றியது. சேமலாப நிதியத்தின் பழைய முறிகளைக் கொடுத்துவிட்டுப் புதிய முறிகளை வாங்க வேண்டும். வட்டி முதலில் 12 சதவீதம், பின்னர் 9. விருப்பமானால் மட்டும். விருப்பமில்லையா? முறி வருமானத்துக்கான வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆகும். கழுத்தில் கத்தியை வைத்து, உங்கள் சித்தம் என்று கேட்கும் நாகரிகம் இது. வங்கிகளும் தனியார் முதலீட்டாளர்களும் வைத்திருந்த திறைசேரி முறிகளை ஒருவரும் தொடவில்லை. வங்கி ஏற்கெனவே பாரம் சுமக்கிறது, தொட்டால் சரிந்துவிடும், வைப்பாளர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். சரி, வங்கி சரியலாம். பங்கு வைத்திருந்த தனியாரும் முறி வைத்திருந்த தனியாரும் தொட்டால் சரிகிறவர்களா? கிழவி மட்டும்தான் எதற்கும் சரியாதவளா?

எங்கள் தோட்டத்து லயத்தில் ஓர் அக்கா சீட்டுப் பிடிப்பார். சேர்ந்த காசை எடுத்துத் தன் வீட்டுக் கடனை அடைத்துவிட்டு, “உங்களுக்கு வர வேண்டிய லாபத்தைக் குறைத்திருக்கிறேன், இதற்குப் பெயர் மறுசீரமைப்பு” என்று அவர் அறிவித்திருந்தால் லயம் முழுக்கத் திரண்டு வாசலில் நின்றிருக்கும். அக்காவுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. அவர் படிக்காதவர்.

ஜூலை 4 அன்று சந்தை திறந்தது. வங்கிப் பங்குகள் முன்னால் ஓட, சுட்டெண் துள்ளி எழுந்தது. தோடு கழன்ற காதில் இரத்தம் காயவில்லை. மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

என் சித்தி முப்பத்தாறு வருடம் கொழுந்து எடுத்தவர். மலையில் ஒரு நாள் சம்பளத்துக்குப் ‘பேர்’ என்று பெயர். குறித்த கிலோ எடுத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். மழை, அட்டை, செங்குத்துச் சரிவு ஒன்றும் தராசுக்குத் தெரியாது. 2022இல் அந்தப் பேருக்கு 1,000 ரூபா. டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியதும் கொழும்புத் தேயிலை ஏலத்தில் தூளின் விலை கிலோ 1,000 ரூபாவைத் தாண்டிவிட்டது. நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால் ஒரு கிலோ தூள். பதினெட்டு கிலோ எடுப்பவர் ஒரு நாளில் ஏறத்தாழ நான்கு கிலோ தூளுக்குக் கொழுந்து தருகிறார். உரம், டீசல், தொழிற்சாலைச் செலவு எல்லாம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ரூபா விழுந்த நாளில் தூளுக்குத் தெரிந்தது டொலர் என்று ஒன்று இருப்பது. கொழுந்து கிள்ளிய விரலுக்கு மட்டும் சொல்லப்படவில்லை. 2024 மே மாதம் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அரசு வர்த்தமானி போட்டது. கம்பனிகள் நீதிமன்றத்துக்கு ஓடின. அந்த ஆண்டு அது 1,350இல் வந்து நின்றது. 350 ரூபா கூடினால் தொழில் அழியும் என்றார்கள். தொட்டால் சரிகிறவர்களின் பட்டியல் நீளமானது.

வெளிநாட்டுச் சம்பந்திகளையும் விட்டுவிடக் கூடாது. 2022இல் இலங்கையின் பிணைமுறிகள் சந்தையில் டொலருக்கு முப்பது சதத்துக்கும் கீழே விலைபோயின. தெருவில் இரத்தம் ஓடும்போது வாங்கு என்பது இவர்களின் குலப் பழமொழி, வாங்கினார்கள். 2024 செப்டம்பர் 19 அன்று, ஜனாதிபதித் தேர்தலுக்குச் சரியாக இரண்டு நாள் முன்பு, உடன்பாடு அறிவிக்கப்பட்டது. அசலில் 27 சதவீதத்தை விட்டுக்கொடுத்தார்களாம்! முப்பதுக்கு வாங்கியவர் எழுபத்து மூன்றை எடுத்துக்கொண்டு, நூறில் இருபத்தேழை விட்டுக்கொடுத்த தியாகி ஆகிறார். அதிலும் ஒரு கொக்கி: நாட்டின் பொருளாதாரம் குறித்த அளவுக்கு மேல் வளர்ந்தால் அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கியூவில் நின்ற அம்மாவின் பேரன் படித்து, உழைத்து, நாட்டை ஒரு படி உயர்த்தினால், அந்தப் படியிலும் ஒரு பங்கு எழுதி வாங்கிவிட்டார்கள்.

செப்டம்பர் 21 தேர்தலில் அநுர குமார திசாநாயக்க வென்றார். இடதுசாரி! டொலர் முறிகள் விழுந்தன. ஒப்பந்தத்தை மாற்றுவேன் என்று மேடையில் சொன்னவர் அல்லவா? மாப்பிள்ளை இரண்டு நாள் முறுக்கிக்கொண்டார். ஒக்டோபரில் புதிய அரசு அதே உடன்பாட்டை ஏற்றுக்கொண்டது. டிசம்பரில் முறிகள் மாற்றப்பட்டன. நவம்பர் பொதுத் தேர்தலில் அவரது கட்சி 225இல் 159 இடங்களைப் பிடித்தது. ஆண்டு முடியும்போது சுட்டெண் 15,900ஐத் தாண்டி நின்றது. சுவரில் யார் படம் மாட்டினாலும் மாப்பிள்ளைக்குக் கவலையில்லை, மார்க்சின் படமானாலும் சரி. சீர் மட்டும் குறையக் கூடாது.

கடைசியாக மாப்பிள்ளையின் பூர்வீகத்தைச் சொல்லி விடுகிறேன். இலங்கையில் பங்கு வியாபாரத்துக்கு முதல் சங்கம் 1896இல் கொழும்பில் அமைந்தது. எதற்காக? தேயிலைத் தோட்டங்கள் திறக்க மூலதனம் திரட்டுவதற்காக. காட்டை வெட்டியதும், கன்று நட்டதும், லயத்தில் பிறந்து மலையிலேயே புதைந்ததும் தென்னிந்தியாவிலிருந்து கப்பலில் வந்த சனம். மாப்பிள்ளை வேறெங்கிருந்தோ குதிரையில் வந்தவர் இல்லை. அந்தக் கிழவியின் முதுகில் ஏறி வளர்ந்த பிள்ளைதான். இன்று அவள் காதைத் தடவிப் பார்க்கிறார்.

ஆகவே, கேனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த அம்மா, நீங்கள் கேட்டதற்குப் பதில் இது. அவர்களுக்கு எண்ணெய் கிடைத்தது. தடங்கலில்லாமல் கிடைத்தது. உங்களைப் போட்டு ஆட்டி எடுத்த எண்ணெய்.

சித்தியின் சேமலாபக் காசு வந்த அன்று நான் ஊரில் இருந்தேன். கிளாக்கர் எழுதிக் கொடுத்த துண்டைக் கொண்டுவந்து, இதில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கூரைத் தகரத்துக்குக் காணுமா என்று கேட்டார். தகரம் விற்கும் விலையைச் சொன்னேன். துண்டை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, பாதிக் கூரைக்கு மட்டும் போடலாம் என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

அன்றைய மாலைச் செய்தியில் சந்தை உணர்வு மிக நன்றாக இருந்தது.